இழுக்காம பிடிக்கிற கை

மஞ்சள் வேகவைக்கிறதைப் பத்தித்தான் இந்த வாரம் எழுதறதா இருந்தேனுங்க. அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். சென்னையில இருந்து ஒரு வாசகர் போன் பண்ணினாங்க. அவங்க மாமனாருக்குப் பார்க்கின்சன் நோயாம். "உங்க அப்பாவுக்கு வீட்டுலயே கை வைத்தியம் பண்றீங்களாமே, என்னது அது?"ன்னு கேட்டாங்க. கசாயம், பத்துன்னு நெனச்சுட்டாங்க போல. எங்க வீட்டுல நடக்கிறது நெசமாவே கையால பண்ற வைத்தியம். மாத்திரையோட சேர்த்துப் பண்றது, மாத்திரைக்குப் பதிலா இல்ல. போன்ல சொன்னதைக் கொஞ்சம் விரிவா எழுதிடறேன்.

அப்பாவுக்கு 74 வயசு. நடுக்கம்தான் இந்த நோயோட அடையாளம்னு எல்லாரும் நெனைக்கிறோம். அவருக்கு முதல்ல வந்தது வலது தோள் வலி. அப்புறம் நடக்கையில அந்தக் கை வீசறது நின்னுது. பால் சொசைட்டிக் கணக்கு எழுதற நோட்டுல எழுத்து வரவரச் சிறுத்து, வரி முடியறப்ப எறும்பு ஊர்ந்த மாதிரி ஆயிடுச்சு. காப்பி வாசமே தெரியலைன்னாரு. முகத்துல சிரிப்பு கொறைஞ்சதைப் பாத்து ஒறம்பரையெல்லாம், "ஏனுங்க, மாமாவுக்கு எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?"ன்னு கேட்டாங்க. ஒவ்வொண்ணையும் தனியாப் பாத்தா வயசானவங்க யாருக்கும் வர்றதுதான். எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துப் பேரு சொன்னவரு கோயம்புத்தூர்ல ஒரு நரம்பியல் டாக்டர்.

அதுக்கு முன்னாடியே, தோள் வலிக்குன்னு பக்கத்து ஊர்ல சுளுக்கு எடுக்கிற பெரியவர்கிட்ட மாமா ஒருத்தர் கூட்டிட்டுப் போயிருந்தாரு. இந்தச் சுத்து வட்டாரத்துல பாதிப் பேரோட சுளுக்கு அவரு கையிலதான் போயிருக்குது. தோள் இறுகிக் கெடக்குதுன்னு வெளக்கெண்ணெயைப் போட்டு நீவி, ஒரே இழுப்பா இழுத்து விட்டுட்டாரு. அப்பா மூணு ராத்திரி தூங்கலை. சுளுக்குக்குச் சரியா இருக்கிற இழுப்பு இந்த விறைப்புக்கு ஆகாது. விறைப்பு தோள்ல இல்ல, மூளையில இருந்து வருது.

1817-ல லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன்ங்கற மருத்துவர் இதைப் பத்தி ஒரு சின்ன நூல் எழுதினாரு. ஆறே பேரைப் பாத்து எழுதினது. அதுல சிலரை ரோட்டுல போறப்பப் பாத்ததோட சரி. அவரு பேருதான் நோய்க்கு நிலைச்சுப் போச்சு. மூளைக்குள்ள கருப்பா ஒரு சின்ன இடம் இருக்குது. அங்க டோபமின் சுரக்கிற செல்கள் கொஞ்சங்கொஞ்சமாச் செத்துப் போகுது. கை கால்ல பலம் போயிடறதில்ல. ஏரியில தண்ணி இருக்குது, மதகுதான் தெறக்க மாட்டேங்குதுன்னு வெச்சுக்கலாம். லெவோடோபா மாத்திரை அந்த மதகை ஒரு சில மணி நேரத்துக்குத் தூக்கி விடும்.

வேலியில பூனைக்காலி படருமே, சுணை பட்டா அரிப்பு உயிரெடுக்குமே, அதோட விதையில இதே லெவோடோபா இருக்குது. அதுக்காக அதைப் பொடி பண்ணி மாத்திரையோட சேர்த்துக் குடுத்துடாதீங்க. அளவு தாறுமாறா ஆயிடும். எங்க வீட்டுக்கும் ஒருத்தர் டப்பாவுல கொண்டு வந்தாரு. அம்மா வாங்கிப் பரண் மேல வெச்சுட்டாங்க, இன்னும் அங்கதான் இருக்குது.

மாத்திரையில நடுக்கமும் மெத்தனமும் நல்லாவே கொறைஞ்சுது. ஆனா மாசக்கணக்கா, வருசக்கணக்கா கூனி நின்ன ஒடம்பு இருக்குதே, அதுக்குள்ள நெஞ்சுத் தசை, இடுப்பு மடிப்பு, கெண்டைக்கால் எல்லாம் சுருங்கிப் போயிருந்துச்சு. முதுகெலும்பு ஒரே கட்டையா இருந்துச்சு. கழுத்தைத் திருப்பாம முழு ஒடம்போடதான் திரும்புவாரு. அதைவிடப் பெரிய கஷ்டம் ராத்திரி. கடைசி மாத்திரையோட வேகம் தீர்ந்த பொறகு படுக்கையில திரும்பிப் படுக்க முடியாது. அம்மாவுக்கு 69, ரெண்டு முழங்கால்லயும் வலி. ராத்திரியில நாலு தடவை எந்திரிச்சு அவரைப் புரட்டி விடுவாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணு இருந்துச்சு. ஒண்ணுக்குப் போக அம்மாவை எழுப்போணுமேன்னு, பொழுது சாஞ்சா அப்பா தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டாரு. மலச்சிக்கல் ஏன் இப்படி வாட்டுதுன்னு டாக்டர் கேட்டப்பத்தான் அது வெளியே வந்துச்சு. நாப்பது வருசம் நாலு ஏக்கருக்கு ராத்திரி கரண்டுல தண்ணி பாய்ச்சின மனுசன், ஒரு சொம்புத் தண்ணிக்குப் பயந்து படுத்திருந்திருக்காரு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுலயே இயன்முறை மருத்துவமும் இருக்குதுன்னு பல பேருக்குத் தெரியாது. எங்க ஊருக்கு வர்ற பொண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. அப்பா அவங்களை "அம்மிணி"ன்னு கூப்பிடுவாரு, அவங்க இவரை "ஐயா"ம்பாங்க. மாசத்துல ரெண்டு தடவை வர முடியுது.

முதல் நாள் வந்ததும் அப்பாவோட மணிக்கட்டைப் பிடிச்சு மெதுவா மடக்கி நீட்டிப் பாத்தாங்க. வழுவழுன்னு போகாம, பல்சக்கரம் ஒவ்வொரு பல்லா விழற மாதிரி தடுக்கித் தடுக்கிப் போச்சு. என் கையையும் வெச்சுப் பாக்கச் சொன்னாங்க. "ஐயா, இப்ப இன்னொரு கையால கெணத்துல தண்ணி சேந்தற மாதிரி பண்ணுங்க"ன்னாங்க. அப்பா அந்தக் கையை ஆட்ட ஆட்ட, நான் பிடிச்சிருந்த கை இன்னும் இறுகுச்சு. "பாத்தீங்களாண்ணா, இறுக்கம் இந்த மூட்டுல இல்ல. நீங்க பலமா இழுத்தா, அவரு பயந்து எதிர்த்து இறுக்குவாரு. வயசானவர், எலும்பும் தாங்காது."

அவங்க பண்ணினதுல பாதி வெறுமனே பிடிச்சுட்டு இருக்கிறதுதான். மல்லாக்கப் படுக்க வெச்சு, ரெண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தைப் படுக்கையில ஊன வெச்சாங்க. முழங்கால் மேல கையை வெச்சுத் தொட்டில் ஆட்டற வேகத்துல இக்கட்டயும் அக்கட்டயும் சாய்ச்சாங்க. முதல்ல நாலு விரல் அளவுதான் போச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு ஒரு சாண். வயிறும் இடுப்பும் தளர்றது கண்ணுக்கே தெரிஞ்சுது. மூச்சு நீளமாச்சு. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தோள்பட்டை எலும்பு மேல உள்ளங்கையைக் கவுத்து வெச்சு மேலயும் கீழயும் நகர்த்தினாங்க. துண்டைச் சுருட்டி முதுகுக்கு அடியில நீளவாக்குல வெச்சு, நெஞ்சு விரிய ரெண்டு தோளையும் மெல்ல அமுக்கினாங்க. தொடைக்குப் பின்னாடி, கெண்டைக்கால்னு ஒவ்வொரு எடத்துலயும் இழுவை தெரிஞ்ச எடத்தோட நிறுத்தி, அரை நிமிசம் அப்படியே பிடிச்சாங்க. வலிக்கிற வரைக்கும் போகவே இல்ல.

இதுல எனக்குப் பிடிச்சது அடுத்து நடந்ததுதான். தளர்ந்த ஒடம்பைப் போத்தி விட்டுத் தூங்கச் சொல்லலை. ஒடனே, "இப்ப நீங்களே திரும்புங்க ஐயா"ன்னாங்க. தலையை முதல்ல திருப்பு, கையைப் பெருசா வீசிக் குறுக்கே கொண்டு போ, முழங்காலைச் சாய்ச்சு விடு. அவங்க கை இடுப்பு எலும்பு மேல சும்மா இருந்துச்சு. தள்ளலை. அப்பா திரும்பிட்டாரு. அம்மா வாசப்படியில நின்னு பாத்துட்டு, அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு உள்ள போனாங்க. அடுப்பு அணைஞ்சுதான் இருந்துச்சு.

கையால கெடைக்கிற தளர்ச்சி கொஞ்ச நேரம்தான் நிக்கும், சில மணி நேரம் நின்னா பெருசு. அந்த நேரத்துக்குள்ள அவரே அசையோணும், அதுக்காகத்தான் இத்தனையும்னு அம்மிணி சொன்னாங்க. மாத்திரை போட்டு முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம் ஆனதும் செய்யச் சொன்னாங்க. அப்பத்தான் மருந்தும் கூட வேலை செய்யும். ஈரம் இருக்கையில ஏர் ஓட்டற மாதிரின்னு அப்பாவே சொல்லிக்கிட்டாரு.

மாசத்துல ரெண்டு நாள் அவங்க, மிச்ச நாளெல்லாம் நான்னு ஆச்சு. எங்க பக்கத்துல வளர்ந்த பையன் அப்பனைத் தொடற வழக்கம் இல்லீங்க. கால்ல விழுந்து கும்பிடறப்பத் தொடறது, அதோட சரி. முதல் நாள் அவரு தோள் மேல கையை வெச்சப்ப அவரும் இறுகினாரு, நானும் இறுகினேன். அவரு மேல பாத்துட்டு மோட்டார் கேபிளைப் பத்திக் கேட்டாரு. நான் பேசிப் பதில் சொல்லச் சொல்லக் கை தானா வேகம் கொறைஞ்சுது. இப்பவும் எங்களுக்குள்ள பேச்சு மோட்டாரும் மஞ்சள் விலையும்தான். ஆனா எங்க கையை வெக்கோணும், எப்ப எடுக்கோணும்னு சொல்றதுல மனுசன் கறார். "சாமி, அது தள்ளு. கையைச் சும்மா வை."

படுக்கையிலயும் சிலது மாத்தினோம். கயித்துக் கட்டில்ல நடுவுல குழி விழுந்தா திரும்ப முடியாது. பலகைக் கட்டில்ல கெட்டி மெத்தை போட்டோம். அம்மாவோட பழைய பட்டுப்புடவை ஒண்ணை மடிச்சு, இடுப்பு வர்ற எடத்துல குறுக்கே விரிச்சு ரெண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில செருகிட்டோம். வழுக்கிட்டுத் திரும்பறாரு. கல்யாணத்துக்கு எடுத்த புடவைங்கறதை அம்மா அப்புறமாத்தான் சொன்னாங்க. எந்திரிக்கையில மட்டும் கட்டில் ஓரத்துல சித்தெ ஒக்காந்துட்டுத்தான் எந்திரிக்கோணும். இந்த நோயிலயும் மாத்திரையிலயும் பிரஷர் திடீர்னு எறங்கித் தலை சுத்தும்.

கை வேலைக்கு எட்டாதது ஒண்ணு, கால் ஒட்டிக்கிறது. ஆசாரத்துல இருந்து உள்ள போற நெலவுக்கிட்ட வந்தா, பசை போட்ட மாதிரி நின்னுடுவாரு. அப்ப கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, குப்புற விழுந்துடுவாங்க. ஒடம்பு கனத்தை ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாத்த வெச்சு, "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணி விடோணும். வேடிக்கை என்னன்னா, அதே மனுசன் காட்டுல பாருக்குக் குறுக்கா வெடுக்குன்னு நடந்து போவாரு. குறுக்கே கோடு தெரிஞ்சா அதைத் தாண்டறதுக்கு மூளை வேற வழியில உத்தரவு போடுதாம். அதைக் கேட்ட நாள்ல இருந்து அம்மா வெடியால கோலம் போட்டுட்டு, மிச்ச மாவுல நெலவுக்கு முன்னாடியும் பின்னாடியும் அடிக்கு ஒண்ணா அஞ்சு கோடு இழுத்துடறாங்க. விருந்தாளிங்க அது என்ன சாங்கியம்னு கேக்கறாங்க.

நீவறதால நோய் போகாது. செத்த செல்லு திரும்ப வராது. போன வருசத்தை விட இந்த வருசம் நடை சிறுத்திருக்குது, குரலும் எறங்கியிருக்குது. நடக்கிறது, எந்திரிச்சு ஒக்கார்றது, கையைப் பெருசா வீசறதுன்னு அவரே பண்ற பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். கை அதுக்குத் தோள் குடுக்குது. இதுக்குன்னு நகரத்துல மணிக்கணக்குல காசு வாங்கி, படுக்க வெச்சுப் பிடிச்சு மட்டும் அனுப்பறவங்க இருக்காங்க. கடைசியில எந்திரிச்சு நடக்க வெக்கிறாங்களான்னு பாத்துட்டுக் காசு குடுங்க. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தச் சொல்றவங்க யாரா இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீங்க, அது உயிருக்கே ஆபத்து.

தைக்கு முன்னாடி, சுளுக்கு எடுக்கிற பெரியவர் வீட்டுக்கு வந்திருந்தாரு. அன்னைக்கு அம்மிணியும் வந்திருந்தாங்க. ஒரு மணி நேரம் திண்ணையில ஒக்காந்து பாத்தாரு. கடைசியில, "ஏம் புள்ள, எண்ணெய் வேண்டாமா?"ன்னு கேட்டாரு. "வேண்டாமுங்க தாத்தா, கை வழுக்கும்"னாங்க. கிட்ட வந்து அப்பா முழங்கால் மேல கையை வெச்சாரு. அம்மிணி அவரு கை மேல தன் கையை வெச்சு, "இன்னும் மெதுவா... இன்னும் மெதுவா"ன்னு ஆட்டிக் காட்டினாங்க. நான் ஈரோடு மார்க்கெட்டுக்குப் போற நாள்ல இப்ப அவருதான் வர்றாரு. என் கையை விட அவரு கை பதமா இருக்குதாம், அப்பா சொல்றாரு. பொழுதோட ஒரு சொம்புத் தண்ணி கட்டில் பக்கத்துல வெக்கிறோம். வெடியால பாத்தா பாதி கொறைஞ்சிருக்குது.