கூட்டத்துக்குள் சில அணுக்கள்

திங்கள்
அப்பாவின் நோய்க்கு இன்று பெயர் தெரிந்தது: லிம்ஃபோமட்டாய்ட் கிரானுலோமட்டோசிஸ். இருமல், காய்ச்சல், இரண்டு நுரையீரலிலும் கட்டிகள். சளியில் கிருமி தென்படாமலே மாதக்கணக்கில் டிபி மாத்திரை விழுங்கினார். ஊசி பயாப்சியில் வந்த துணுக்கு போதவில்லை. ஆபரேஷன் செய்து பெரிய துண்டாக எடுத்த பிறகே விடை கிடைத்தது. 1972இல் ஏவரில் லீபோவும் சகாக்களும் விவரித்த நோயாம்.

செவ்வாய்
“இது ரத்தக் குழாய் நோயா, புற்றுநோயா டாக்டர்?” என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். எப்ஸ்டீன்-பார் வைரஸ் குடியேறிய பி அணுக்கள் பெருகுகின்றன. அவற்றை எதிர்த்து டி அணுக்கள் திரள்கின்றன. குழாய்ச் சுவர் சிதைந்து, ரத்தம் எட்டாத திசு மடிகிறது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் உறங்கும் வைரஸ்தான் அது. மைக்ராஸ்கோப்பில் தெரியும் கூட்டத்தில் பெரும்பாலானவை டி அணுக்கள், குற்றவாளிகள் சிலரே. அந்தச் சிலரை எண்ணித்தான் தரம் பிரிக்கிறார்கள். முதலிரண்டு தரங்களுக்கு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் கொடுக்கும் வழக்கம் உண்டு. மூன்றாவதற்குக் கீமோ. அப்பாவுக்கு மூன்றாம் தரம்.

வியாழன்
பி அணுக்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் முதலில் ஏறியது. இப்போது எட்டோபோசைட், டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் மூன்றும் இரவும் பகலுமாக நான்கு நாளைக்குச் சொட்டும். கூடவே ஸ்டீராய்டு மாத்திரை. ஐந்தாம் நாள் சைக்ளோபாஸ்பமைடு. பாத்ரூமிலிருந்து வந்த அப்பா, “ரத்தமாப் போகுது கண்ணு” என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. டாக்ஸோரூபிசினின் நிறம்தான் அது, பயப்பட வேண்டாம் என்று சிஸ்டர் தேற்றினார்.

அடுத்த வாரம், சனி
வீட்டுக்கு வந்துவிட்டோம். வெள்ளணு கவுன்ட் இறங்கியிருக்கிறது. அதை ஏற்ற வயிற்றில் தினமும் ஊசி. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிட வேண்டும். வாரத்தில் இருமுறை ரத்தப் பரிசோதனை. கவுன்ட் எவ்வளவு தாழ்ந்தது என்பதைப் பார்த்தே அடுத்த சுற்றின் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

மாதங்கள் கழித்து, புதன்
சிடி ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன! அப்பா இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்நோய் தாழ்ந்த தரத்தில் திரும்பி வரலாம். அப்போது கீமோ அல்ல, இன்டர்ஃபெரான் தேவைப்படலாம். புதிதாக நிழல் தெரிந்தால் மறுபடி பயாப்சி செய்யச் சொல்லிக் கேட்பேன். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தா, அடக்கும் மருந்தா என்பதையே அந்தத் துண்டுத் திசு தீர்மானிக்கிறது. அது கையில் வராமல் தொடங்கும் சிகிச்சையை இனி என் வீட்டில் யாருக்கும் நான் ஏற்க மாட்டேன்.