இறம்பொடை ஏற்றமும் ஒரு பழைய பிக்கப்பும்

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதி கம்பளை வரையில் சாதுவானது. கம்பளையைக் கடந்த பின்னரே மலை தன் குணத்தைக் காட்டத் தொடங்குகிறது. புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என வளைந்து வளைந்து ஏறி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடையும்போது, கம்பளையிலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர் உயர்ந்திருப்போம். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோற் கிடக்கும். இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும். உல்லாசப் பிரயாணிகள் இவற்றைக் கண்டு களிக்கிறார்கள். சுமையேற்றிய வாகனத்தின் சாரதிக்கோ யந்திரத்தின் ஓசையன்றி வேறெதுவும் காதில் விழுவதில்லை.

அவ்வீதியில், போகும்போது அரிசியும் தேங்காயும், திரும்பும்போது கரட்டும் லீக்சும் கோவாவும் ஏற்றிப் பிழைக்கும் ஒரு சாரதியின் பிக்கப்பில் சில தடவை பிரயாணஞ் செய்யும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. 1980களில் ஜப்பானிலே செய்யப்பட்ட டீசல் வண்டி. அதற்கு ஒரு விசித்திர நோய் பிடித்திருந்தது. சமதரையில் ஒரு குறையுமில்லை. புசல்லாவையைத் தாண்டி இரண்டாம் கியரில் சிறிது நேரம் ஏறியதும், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குன்றும். பின்னர் யந்திரம் ஓய்ந்துவிடும். உதவிக்கு வரும் பையன் குதித்தோடிச் சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பான். பத்து நிமிஷம் கழித்து முடுக்கினால், ஒன்றுமே நடவாததுபோல் வண்டி மீண்டும் ஏறும்.

இதை வேடிக்கையென்று எண்ணிவிடலாகாது. யந்திரம் நின்றால் பிறேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று தரம் மிதித்ததும் பிறேக் கல்லாக இறுகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, பின்னாலே பஸ்களின் வரிசை!

ஒரு கராஜில், டீசல் பம்பை முற்றாகப் பிரித்துத் திருத்த வேண்டுமென்றார்கள். மனைவியின் காப்பை அடகு வைத்தாலன்றி ஆகாத செலவு அது. இன்னொருவர், மலைக் காற்று ஐதாகையால் பழைய யந்திரம் மூச்சுத் திணறுகிறது என்றார். அது நியாயம் போலவே தோன்றும். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. ஆயினும் பத்து நிமிஷ ஓய்வில் மலை தாழ்ந்துவிடுமா, என்ன?

விடை கிடைத்த இடம் புசல்லாவைத் தேநீர்க் கடை. தோட்டத்து லொறிகளுடன் வாழ்ந்து முதுமையடைந்த மெக்கானிக் ஒருவர் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, நிற்கும் முன் புகை என்ன நிறம்?" என்பதே.

"புகையே இல்லீங்க ஐயா."

"காற்றுப் போதாவிட்டால் கரும்புகை கக்கும். புகை இல்லையென்றால் எண்ணெய் வரவில்லை. பம்பைத் தொடாதே, பின்னாலிருந்து பார்த்து வா."

தாங்கியின் மூடியில் காற்றுத் துவாரம் அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்ற ஒலி கேட்கும். மறுமுறை வண்டி நின்றபோது திறந்து பார்த்தோம், ஒலி இல்லை. பம்புக்கு முன்னே கண்ணாடிபோல் ஊடு தெரியும் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தினார்கள். குமிழிகள் ஓடினால் எங்கோ காற்றுக் கசிகிறதென்று அர்த்தம். குமிழியும் இல்லை.

எஞ்சிய சோதனை மிக எளியது. சுத்தமான டீசல் நிறைந்த ஒரு கான், பிக்கப்பின் பெட்டியிலே கட்டப்பட்டது. உறிஞ்சும் குழாயுடன், மிஞ்சிய எண்ணெய் திரும்பும் குழாயும் அதற்குள்ளேயே விடப்பட்டது; இரண்டாவதை மறந்தால் கான் விரைவில் வற்றிவிடும். அதே பம்பு, அதே பில்டர், அதே அரிசி மூட்டைகள். வண்டி ஓரிடத்திலும் தயங்காமல் லபுக்கலை வரை ஏறிற்று!

தாங்கியை இறக்கியபோது அடியிலே துருச் செதில்களும் கரிய சேறும் தண்ணீரும் இருந்தன. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில், கண்ட கண்ட கான்களிலிருந்து ஊற்றி, அடிவற்ற ஓடிய காலத்தை சாரதி நினைவுகூர்ந்தான். பாதி வெறுமையான தாங்கியில் மலைநாட்டுக் குளிரின் ஈரம் நீராகப் படியும். நீர் இரும்பைத் தின்னும். ஏற்றத்திலே யந்திரம் மிகுதியாக எண்ணெய் உறிஞ்சும்போது அச்செதில்கள் குழாய் வாயிலுள்ள வலையில் ஒட்டிக்கொள்ளும். யந்திரம் நின்றதும் உறிஞ்சல் நின்று அவை உதிர்ந்துவிடும். பத்து நிமிஷ ஓய்வின் இரகசியம் இதுவே. சமதரையில் தேவை சிறிது; அரைகுறையாக அடைபட்ட வலையே போதும்.

தாங்கியைக் கழுவிக் காயவைத்து, வலையைத் துப்புரவாக்கிப் புதிய பில்டர் போட ஒரு பகல் சென்றது. காப்பு வீட்டை விட்டு வெளியேறவில்லை. அந்தக் குழாய்த் துண்டை மட்டும் சாரதி கழற்ற மறுத்துவிட்டான். லபுக்கலையில் ஏனையோர் தேயிலைச் சரிவைப் படம் பிடிக்கையில், அவன் வண்டியின் முன்மூடியைத் தூக்கிக் குழாயைப் பார்த்து, பில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை வடித்துவிட்டே தேநீர் குடிக்க வருகிறான்.