கிளிப்பச்சைக் கதவு

எங்கள் பூர்வீக வீட்டை இடித்து இருபது வருஷமாகிறது. மிஞ்சிய புகைப்படம் ஒன்றே ஒன்று. அதுவும் கறுப்பு வெள்ளை. அதன் நிறங்கள் நினைவிருப்பது இப்போது இரண்டே பேருக்கு: எனக்கும், 82 வயது அக்காவுக்கும்.

பேரன் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான். சர்வீஸ் முழுக்க பிளான் வரைந்த கை அல்லவா, ஆறு மாதத்தில் திண்ணை, முற்றம், மாடத்தில் அகல் விளக்கு, பூஜை அறையின் கிளிப்பச்சைக் கதவு எல்லாம் எழும்பிவிட்டன. படத்தை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கதவு அச்சு அசல். மாடத்துல என்னடா, எலுமிச்சம்பழத்த வெச்சிருக்கே?"

உண்மைதான். சுடர் இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக ஒரு மஞ்சள் திட்டு. காரணம் புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கம்ப்யூட்டர் உள்ளே போடும் வெளிச்சக் கணக்குக்கு உச்சவரம்பு கிடையாது, திரைக்கு உண்டு. சுடருக்கு நான் கொடுத்த ஆரஞ்சில் சிவப்பு 10, பச்சை 4, நீலம் அரை. திரை காட்டுவதோ 1 வரைதான். 'ஸ்டாண்டர்ட்' என்ற முறை, நெல் அளப்பவர் படியின் தலையை வழித்துத் தள்ளுவதுபோல, மேலே உள்ளதை வழித்துவிடுகிறது. பத்தும் ஒன்று, நாலும் ஒன்று. சிவப்பும் பச்சையும் சரிசமமானால் மஞ்சள்தானே!

இதற்கு மருந்தாக 2017-ல் ஃபிலிமிக் என்ற முறையைச் சேர்த்தார்கள். 2023-ல் அந்த இடத்துக்கு ஏஜிஎக்ஸ் வந்தது. ஃபிலிம் சுருளில் பூசும் வெள்ளி உப்புக்கு வேதியியலார் எழுதும் சுருக்கம் அது. பெயருக்கேற்ப, பழைய ஃபிலிம் மாதிரியே வெளிச்சம் ஏற ஏற நிறத்தை மெல்ல வெளுக்க விடுகிறது. மாற்றிப் பார்த்தேன். நடுவில் வெளுத்து, ஓரத்தில் ஆரஞ்சாக, நிஜச் சுடர்!

"விளக்கு சரி. கதவு ஏன் சோகை பிடிச்சிருக்கு? அப்பா தீபாவளிக்கு அடிச்ச பச்சை இதுவா?"

அதுவும் நியாயம். எல்லா நிறத்தையும் ஒரு சுற்று மங்கவைத்துத்தான் அது அந்த மென்மையைத் தருகிறது.

மூன்றாவதாகக் க்ரோனாஸ் நியூட்ரல். கடைச் சரக்கின் நிறம் மாறாமல் காட்டுவதற்காகச் செய்தது. 2024-ல் பிளெண்டருக்குள் வந்தது. சாதாரண வெளிச்சத்தில் உள்ள நிறங்களை ஏறக்குறைய அப்படியே விட்டு, மிகப் பிரகாசமானதை மட்டும் அடக்குகிறது. சுடர் ஏஜிஎக்ஸ் அளவுக்கு இல்லைதான். ஆனால் கதவு கிளிப்பச்சை.

இந்த முறை போனில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"விளக்குல எண்ணெய் குறைஞ்சிருக்குடா," என்றாள். "அம்மா பாக்கறதுக்குள்ள ஊத்திடு."