இருந்தும் எட்டாத எண்ணெய்

பழைய மோட்டார் சைக்கிள்களை ஓட்டியவர்கள் ‘றிசேவ்’ என்னும் சொல்லை நன்கறிவர். அது வேறொரு தாங்கியன்று. ஒரே தாங்கியின் அடியில் இரு வாய்கள் உண்டு. ஒன்று சற்றே உயர்ந்து நிற்கும், மற்றது அடிமட்டத்தில் இருக்கும். உயர்ந்த வாய்க்கு எட்டாதபடி பெற்றோல் தாழ்ந்ததும் எஞ்சின் தடுமாறும். அப்போது குழாயின் பிடியைத் திருப்பினால், அடியிற் கிடக்கும் எண்ணெய் சில மைல் தூரம் நம்மைக் கொண்டு சேர்க்கும்.

1974ஆம் ஆண்டில் ஒருநாள் நள்ளிரவு. என் தங்கைக்குத் தொய்வு முற்றி மூச்சுத் திணறியது. வாடகைக் கார் ஒன்று அழைத்துவர ஐயா தமது மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரிக்கு விரைந்தார். வயல்வெளி நடுவே வண்டி நின்றுவிட்டது. இருளிலே குழாயைத் தடவிப் பார்த்தார். பிடி ஏற்கெனவே ‘றிசேவ்’ பக்கம் திரும்பியிருந்தது. எஞ்சிய தூரத்தை அவர் நடந்தே கடந்தார். கார் ஒரு மணி நேரம் பிந்தி வந்தது. தங்கை பிழைத்தது தெய்வாதீனம்.

அந்நிகழ்ச்சியை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர்கள், விமானங்களைத் தம் கையாலேயே கட்டிப் பறக்கும் அமெரிக்கர்கள். வரைபடத்தை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் ஆண்டுக்கணக்காக உழைத்து விமானம் செய்வோர் அந்நாட்டிற் பலர். நெடுந்தூரம் செல்ல விரும்புவோர் ஆசனத்தின் பின்னோ செட்டையினுள்ளோ துணைத் தாங்கிகளைப் பொருத்துவர். பெற்றோல் கூடினால் தூரமும் கூடும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அவ்வளவு எளிதன்று. கூடிய எண்ணெய் கூடிய பாரம். அது தவறான இடத்தில் அமர்ந்தால் விமானம் நிலை குலையும். ஒவ்வொரு தாங்கிக்கும் காற்றுப் புகத் துவாரம் வேண்டும். ரின்பாற் பேணியில் ஒரு துளை மட்டும் இட்டால் பால் ஒழுங்காக வடியாது என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவர்; அதே நியாயந்தான் இங்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு தாங்கியிலிருந்து மற்றதற்கு மாற்றும் பிடி கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

பாடகர் ஜோன் டென்வர் 1997 ஒக்டோபர் 12இல் இறந்த வரலாறு இதற்குச் சான்று. அவர் ஓட்டியது வீட்டிலே கட்டப்பட்ட ‘லோங் ஈசி’ விமானம். தாங்கி மாற்றும் பிடியை, வரைபடத்திற் காட்டிய இடத்தை விடுத்து, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார்கள். அதனைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, கால் தவறுதலாக மிதிபலகையை அழுத்த, விமானம் கட்டுமீறிக் கலிபோர்ணியாவின் மொன்றரே விரிகுடாவில் வீழ்ந்தது என விசாரணையாளர் முடிவு கூறினர்.

அதே விமானத்தை வரைந்த பேட் ரூட்டன் வரைந்த மற்றொன்றே ‘வொயேஜர்’. அவருடைய தமையனார் டிக் ரூட்டனும் ஜீனா யேகர் என்ற பெண்மணியும், இடையில் எண்ணெய் நிரப்பாமல் அதிலே உலகைச் சுற்றினர். 1986 டிசம்பர் 14இல் புறப்பட்டபோது, விமானத்தின் மொத்தப் பாரத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு எண்ணெயே! 17 தாங்கிகளில் சுமார் 7,000 இறாத்தல். அப்பாரத்தால் தாழ்ந்த செட்டை நுனிகள் ஓடுபாதையில் உராய்ந்து சேதமுற்றன. ஒன்பது நாள் பறந்து, இந்து மகாசமுத்திரத்தையும் ஆபிரிக்காவையும் கடந்து, இறுதி நாளில் மெக்சிக்கோக் கரையோரம் வந்தபோது எஞ்சின் நின்றது. தாங்கிகளில் எண்ணெய் இருந்தது, எஞ்சினுக்குத்தான் வரவில்லை. விமானம் தாழ்ந்துகொண்டிருக்கையில், ஓய்ந்திருந்த முன் எஞ்சினை இயக்கித் தப்பினார்கள். 23ஆம் திகதி தரையிறங்கியபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 106 இறாத்தல் மட்டுமே.

இச்செய்தியை ஐயா பத்திரிகையில் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எண்ணெய் இருந்தாற் போதாது தம்பி. அது எங்கை நிக்குதெண்டும் தெரிய வேணும்” என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகள் என் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அன்றுதான் வெளிவந்தது. அன்று மாலை அவருக்குத் தெரியாமல் வண்டியை எடுத்தவன் நான். வழியில் எஞ்சின் தடுமாறப் பிடியைத் திருப்பியவனும், ஏச்சுக்கு அஞ்சி அதனைச் சொல்லாது விட்டவனும் நானே.

ஐயா சிறிது நேரம் பேசவில்லை.

“பிடி திரும்பியிருந்ததைக் கண்டவுடனேயே எனக்குத் தெரியும். நீயாய்ச் சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்.”

அவர் இப்போது இல்லை. இன்றும் என் பிள்ளைகள் வண்டிச் சாவியைத் திருப்பித் தரும்போது, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறேன். “குறைந்துவிட்டது” என்று உண்மை சொன்னால், நான் ஏசுவதில்லை.