எண் கூடினால் குழல் சிறுக்கும்

பன்னிரண்டைவிட இருபது பெரிய எண். ஆனால் ‘பன்னிரண்டு போர்’ துப்பாக்கியின் குழலைவிட ‘இருபது போர்’ துப்பாக்கியின் குழல் சிறியது. முதன்முறை கேட்பவரைக் குழப்பும் இந்தக் கணக்கு ஈயத்தின் எடையிலிருந்து வந்தது. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது ஏறத்தாழ 454 கிராமை, 12 சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று சரியாக அமரும் குழல் பன்னிரண்டு போர். அதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாகப் பகிர்ந்தால் 15.6 மில்லிமீட்டர், 28 ஆகப் பகிர்ந்தால் 14 மில்லிமீட்டர். பங்குகள் பெருகப் பெருகப் பங்கின் அளவு சிறுக்கிறது. காணி நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்களுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குச் செல்வோர், நெடுங்காலம் பன்னிரண்டு போரையே நாடினர். குழல் பெரிதாக இருந்தால் ரவை அதிகம் கொள்ளும், பறவை தப்பாது என்பது அவர்களது நம்பிக்கை. அண்மை ஆண்டுகளில் அவர்களுள் பலர் இருபதுக்கும், இருபத்தெட்டுக்கும், அதனினும் சிறிய குழலுக்கும் மாறியுள்ளனர். இம்மாற்றத்துக்குப் பெருங்காரணம் ஓர் உலோகம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இப்போது பயன்படும் டங்ஸ்டன் கலவை ரவையின் அடர்த்தி 18 கிராம். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஈய ரவை துளைக்கும் ஆழத்தை 2 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ரவையே எட்டிவிடுகிறது. அதே எடையில் இருமடங்கு ரவைகள் கிடைக்கின்றன. எனவே சிறு குழலும் போதுமானதாகிவிட்டது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஓர் இயற்பியல் உண்மை உண்டு. ஒரே பொருளால், ஒரே அளவில் செய்யப்பட்ட ஒரு ரவை, ஒரே வேகத்தில் புறப்பட்டால், அது பன்னிரண்டு போரிலிருந்து வந்ததா, இருபது போரிலிருந்து வந்ததா என்பது அந்த ரவைக்குத் தெரியாது. பெரிய குழல் எந்த ரவைக்கும் கூடுதல் வலிமை தருவதில்லை. எண்ணிக்கையை மட்டுமே கூட்டுகிறது. எண்ணிக்கை கூடினால் குறியில் நேரும் சிறு பிழை மன்னிக்கப்படலாம். ஆனால் அதற்கான விலையைத் தோள் கொடுக்கிறது. முன்னே செல்லும் உந்தத்துக்கு ஈடான உந்தம் பின்னே வருகிறது. துப்பாக்கியின் எடையை மட்டும் குறைத்து மருந்தையும் ரவையையும் குறைக்காவிட்டால் உதை இன்னும் கூடும். ஆகவே இலேசான குழலைத் தேர்வது என்பது கருவியின் எடையைக் குறைப்பதோடு முடிவதில்லை. ஆசையின் எடையையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கிறது: தொலைவிலிருந்து சுடும் ஆசையை விட்டு, பறவை அருகில் வரும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும்.

சொற்களின் பயணமும் இவ்வேட்டையில் வேடிக்கையாக அமைந்திருக்கிறது. தமிழின் ‘துப்பாக்கி’யும் தெலுங்கின் ‘துபாகி’யும் துருக்கியச் சொல்லிலிருந்து கிளைத்தவை. வான்கோழிக்கோ ஆங்கிலம் துருக்கி நாட்டின் பெயரையே வைத்தது. துருக்கியரோ அப்பறவையை இந்தியாவின் பெயரால் ‘ஹிந்தி’ என்றனர். பறவையின் பிறப்பிடம் அமெரிக்கா! தெரியாத ஒன்றுக்கு அயலாரின் பெயரைச் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுவது மொழிகளின் பழைய வழக்கம். பறவைக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. மனிதருக்கு அவ்வாறு பெயர் சூட்டப்படும்போது அப்படிச் சொல்ல முடியாது.

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில், பாகுதா ஆற்றங்கரையில், விநாயகர் கோயில் இருக்கிறது. பொய்ச் சத்தியத்தைப் பொறுக்காத தெய்வம் என்பதால், வழக்கு முற்றியவர்கள் அங்கே சென்று பிரமாணம் செய்வது வழக்கம். ‘பாக்கம்’ என்று முடியும் அவ்வூர்ப் பெயரில் தமிழ் இருக்கிறது. ஊரின் அன்றாடப் பேச்சில் தெலுங்கு மேலோங்குகிறது. தமிழ்நாட்டு எல்லை தொலைவில் இல்லை. அந்த எல்லையின் இருபுறமும் வாழும் ஒரு சமூகத்தைத் தமிழ் ‘நரிக்குறவர்’ என்கிறது; ஆந்திரம் ‘நக்கல’ என்கிறது. தெலுங்கில் ‘நக்க’ என்றாலும் நரிதான். இரு மொழிகளும் தத்தம் நரியை எடுத்து அவர்கள்மேல் சூட்டிவிட்டன. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ‘வாக்ரி’. வலையைக் குறிக்கும் ‘வாகுரா’ என்னும் வடசொல்லோடு அது தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அவர்களது வாக்ரிபோலி, திராவிட மொழிகளின் நடுவே வழங்கும் ஓர் இந்தோ ஆரிய மொழி. சீனிவாச வர்மா அதனை ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது.

அவர்கள் கையில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியே கருமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக் குழல். பன்னிரண்டா, இருபதா என்று கடையில் நின்று தெரிவு செய்யும் வாய்ப்பு அதில் இல்லை. ஆனால் தெரிவு இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு முறையும் மருந்தையும் ரவையையும் அளந்து இடுபவர் அவரே. காடைக்கு இவ்வளவு, கொக்குக்கு இவ்வளவு என்று குறைத்தும் கூட்டியும் இடலாம். அமெரிக்க வேட்டைக்காரர் துப்பாக்கியை மாற்றிச் செய்வதை இவர்கள் உள்ளங்கையில் செய்துகொண்டனர். குரலால் அழைத்து அருகில் வரவழைக்கும் கலையும் இரு தரப்பாருக்கும் பொது. அங்கே பெட்டை வான்கோழியின் குரலை எழுப்பும் மரப்பெட்டிகள் கடையில் விற்கின்றன. இங்கே நரியின் ஊளையும் பறவையின் கூவலும் தொண்டையிலிருந்தே எழுந்தன.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாழ்வை முடித்துவைத்தது. அச்சட்டம் தேவையற்றது என்று எவரும் சொல்ல இயலாது. காடும் பறவையும் சுருங்கிவரும் நாட்டில் பொழுதுபோக்குக்காகவோ பிழைப்புக்காகவோ சுடும் உரிமையை மீட்டுத் தரக் கோருவதும் பொருந்தாது. ஆனால் பங்களாவிலிருந்து வேட்டைக்குச் சென்றவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு பொழுதுபோக்குக்கு மாறிக்கொண்டார். துப்பாக்கியால் உண்டவர் பாசிமணியும் ஊசியும் ஏந்திக் கோயில் வாசல்களுக்கும் பேருந்து நிலையங்களுக்கும் வந்தார். ஒரே சட்டம் இரு தோள்களில் ஒரே அளவு உதைக்கவில்லை.

அதற்கான ஈடும் எல்லையின் இருபுறமும் ஒரே காலத்தில் வரவில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் பழங்குடியினர் பட்டியலில் ‘நக்கல, குருவிக்காரன்’ என்ற பெயர்கள் 2003ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் நரிக்குறவரும் குருவிக்காரரும் அதே நிலையை அடைய 2023 சனவரி வரை காத்திருந்தனர். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒரு தலைமுறை பள்ளிக்குச் செல்லும் வயதைக் கடந்துவிட்டது. சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே பேருந்து ஓடும் நேரம் ஒரு மணியளவுதான்.

ஒரு தொழில் நிற்கும்போது அதன் சொற்களும் நின்றுபோகின்றன. மருந்தின் அளவு, கெட்டிக்கும் கோல், ஒவ்வொரு பறவையின் அழைப்பு ஆகியவற்றுக்கு ஒரு மொழி வைத்திருந்த பெயர்கள், கருவி கையில் இல்லாத பிள்ளைகளுக்குச் சென்று சேர்வதில்லை. தனி எழுத்தில்லாத மொழியில் இவ்விழப்பு ஓசையின்றி நேர்கிறது. அவற்றைப் பதிந்துவைக்க ஒருவரும் வேட்டையாட வேண்டியதில்லை. முதியோர் அருகில் அமர்ந்து கேட்டால் போதும். இலேசான குழல் வேட்டைக்காரரிடம் கேட்பதும் அந்த அருகாமையையும் பொறுமையையும்தான். ஆய்வாளர் தேர்ந்துகொள்ள வேண்டிய கருவியின் எடையும் அவ்வளவே.