டிக்கியில் பீர், பெட்டியில் சாவி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், எல்கார்ட் லேக் என்ற சின்ன ஊர். செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை. ஏரிக்கரை விடுதி ஒன்றின் முன்னால் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. எல்லாமே ஒரே ரகம். மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கூரை, கைப்பிள்ளை மாதிரி சின்ன கார். இறங்குகிறவர்கள் முதல் வேலையாக டிக்கியைத் திறக்கிறார்கள். உள்ளே செய்தித்தாளிலும் பழைய காலுறைகளிலும் சுற்றி வைத்த பீர் பாட்டில்கள்.

விடுதி வாசலில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் நிற்கிறவர் கிளப்பின் செயலாளர். வயது அறுபத்தாறு. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து வரவேற்கிறார். கையோடு ஒரு கேள்வியும் கேட்கிறார். "ராத்திரி தங்கறீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?"

தங்குகிறவர் என்றால் கார் சாவி அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். வீட்டுக்குப் போகிறவர் என்றால் சாவி அவரிடமே இருக்கலாம். ஆனால் ஒரு பாட்டிலைக்கூடத் திறக்கக் கூடாது. இரண்டில் ஒன்று. மூன்றாவது வழி கிடையாது.

இந்தக் கேள்வியை வாசலில் நின்று கேட்பதற்கு அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்காக ஒரு நட்பையும் அவர் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சந்திப்புக்குப் பெயர் 'பீர் ஸ்வாப்'. நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய கதை நமக்குத் தெரியும். இதுவும் அதே பண்டமாற்றுதான். உங்கள் பக்கத்தில் மட்டும் கிடைக்கும் பீரைக் கொண்டு வாருங்கள், அடுத்தவர் பக்கத்தில் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போங்கள். பணம் மட்டும் கைமாறக் கூடாது. பணம் வாங்கினால் அது விற்பனை. விற்க வேண்டுமென்றால் உரிமம் வேண்டும்.

ஒரே நாட்டுக்குள் ஓர் ஊர் பீர் இன்னோர் ஊரில் கிடைக்காதா என்று தோன்றலாம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அதை நீக்கியபோது, மதுவை எப்படி விற்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலங்களின் கைக்குப் போனது. பெரும்பாலான மாநிலங்களில் தயாரிப்பாளர், மொத்த விநியோகஸ்தர், கடைக்காரர் என்று மூன்று படிகள். ஒரு மாநிலத்தில் விநியோகஸ்தர் இல்லையென்றால் அந்த பீர் அங்கே கடைக்கே வராது. சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே எல்லை தாண்டுவதில்லை. விஸ்கான்சினில் 'ஸ்பாட்டட் கவ்' என்றொரு பீர் இருக்கிறது. புள்ளிப் பசு என்று அர்த்தம். நியூ கிளாரஸ் என்ற சிற்றூரில் தயாராகிறது. விஸ்கான்சினைத் தாண்டி எங்கேயும் விற்பதில்லை. திருநெல்வேலி அல்வாவைத் திருநெல்வேலிக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடிப்பது போல. கேட்கிறவர்களுக்கு ஆசை கூடத்தானே செய்யும்?

சரி, பார்சலில் அனுப்பிக்கொள்ளலாமே? அமெரிக்க அஞ்சல் துறை மதுவைப் பார்சலாக ஏற்பதில்லை. மிச்சம் இருக்கும் சுலபமான வழி, கார்.

இதை வைத்து ஹாலிவுட்டில் ஒரு படமே வந்திருக்கிறது. 1977ல் வெளியான 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்'. அந்தக் காலத்தில் கூர்ஸ் பீர் நாட்டின் கிழக்குப் பகுதியில் விற்பனைக்கு இல்லை. டெக்சார்கானாவிலிருந்து அட்லாண்டாவுக்கு 400 பெட்டி கூர்ஸ் கொண்டு வர வேண்டும். போகவர 28 மணி நேரம்தான் கெடு. சரக்கு லாரியில் வர, போலீஸைத் திசைதிருப்ப பர்ட் ரெனால்ட்ஸ் கறுப்பு பாண்டியாக் டிரான்ஸ் ஆம் காரில் முன்னால் பறப்பார். கார் பிரியர்கள் இன்றும் அந்தக் காரைப் பார்த்தால் நின்றுவிடுவார்கள்.

ஆக, கார் கிளப்பும் பீர் பண்டமாற்றும் ஜோடி சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. கார் இல்லாமல் பீர் வந்து சேராது. ஆனால், பீர் உள்ளே போனால் காரைத் தொடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செயலாளருக்கு வேலை.

போன வருடம் வரை இதற்கென்று விதி எதுவும் இல்லை. மதியம் கூடுவார்கள். மாற்றிக்கொள்வார்கள். "இது எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்பார். கொண்டுவந்தவர் பெருமையாக மூடியைத் திறப்பார். ஆளுக்கு ஒரு வாய் என்று சின்னக் கோப்பைகள் சுற்றி வரும். சாயங்காலம் எல்லோரும் கையசைத்துவிட்டு வண்டியை எடுப்பார்கள்.

போன வருடம் அப்படி வண்டியை எடுக்கப் போனவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். செயலாளரின் கணவர் இறந்த பிறகு, அவருடைய காரின் கிழிந்த கூரைத் துணியை இரண்டு நாள் கூடவே இருந்து மாற்றிக் கொடுத்தவர். கியர் மாற்றும்போது வரும் முனகலைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிறவர். அன்று அவர் நடந்துபோன நடையில் ஒன்றும் தெரியவில்லை. சாவியை எடுத்தபோது அது இரண்டு முறை கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவரின் கண்ணுக்கு அது போதும். செயலாளர் போய் காரின் முன்னால் நின்றார். சாவியைக் கேட்டார். பெரியவர் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். "நீ பிறக்கறதுக்கு முன்னாலேயே நான் வண்டி ஓட்டினவன்" என்றார். பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, செயலாளர் குனிந்து ஸ்டியரிங் பக்கத்தில் கைவிட்டுச் சாவியை உருவிக்கொண்டார்.

பிரச்னை அதோடு முடியவில்லை. பெரியவரை யார் வீட்டில் விடுவது? மியாட்டாவில் பின் இருக்கையே கிடையாது. எல்லோரும் ஜோடியாக வந்திருந்தார்கள். கடைசியில், மனைவியை அங்கேயே உட்கார வைத்துவிட்டு ஒருவர் அவரைக் கொண்டுபோய் விட்டு வந்தார். வழியெல்லாம் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதற்குப் பிறகு ஒரு வருடம், செயலாளரிடமும் பேசவில்லை.

குளிர்காலத்தில் கிளப் கூடியது. இனி இந்தச் சந்திப்பே வேண்டாம் என்றார்கள் சிலர். "எல்லோரும் வயது வந்தவர்கள்தானே, அவரவர் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்றார்கள் சிலர்.

செயலாளர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 355 மில்லி அளவுள்ள, 5 சதவீத பீர் ஒன்றில் சுமார் 14 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட சந்திப்புக்கு யாரும் 5 சதவீத பீரைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அரிதானதைத்தான் கொண்டு வருவார்கள். 11 சதவீதம் உள்ள கறுப்பு பீர், 650 மில்லி பாட்டில். அப்படி ஒரு பாட்டில், சாதாரண பீர் நான்குக்குச் சமம். 'ஒரு வாய்தானே' என்று பத்துப் பேரிடம் ஒவ்வொரு வாய் வாங்கினால் எவ்வளவு உள்ளே போனது என்று குடித்தவருக்கே தெரியாது. காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் அது சீக்கிரம் இறங்காது. நேரம் ஒன்றுதான் இறக்கும்.

சட்டத்தை நம்பலாம் என்றால், விஸ்கான்சினில் அதுவும் கொஞ்சம் தளர்வுதான். ரத்தத்தில் 0.08 சதவீதம் வரை அனுமதி. இந்தியாவில் இந்த வரம்பு 0.03தான். குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை பிடிபட்டால், காரில் சிறுவர்கள் இல்லாத பட்சத்தில், விஸ்கான்சினில் அது கிரிமினல் குற்றமாகாது. அபராதமும் உரிமம் பறிப்பும்தான். அமெரிக்காவில் இப்படி இருக்கும் ஒரே மாநிலம் அது. செயலாளர் பஸ் ஓட்டிய காலத்தில் அவருக்கு வரம்பு 0.04. வேலைக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு 0.08 என்பது பெரிய இடைவெளியாகத் தெரிந்தது.

கூட்டத்தில் இன்னொரு விஷயத்தையும் அவர் நினைவுபடுத்தினார். அது எல்கார்ட் லேக் ஊரின் கதை. 1950 முதல் 1952 வரை, அந்த ஊரைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில்தான் கார் பந்தயம் நடந்தது. வீட்டு வாசல்களையும் கடைகளையும் உரசிக்கொண்டு கார்கள் பறக்கும். ஓரத்தில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். 1952ல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் ஊரில் இதே மாதிரி சாலைப் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்தை மோத, வேடிக்கை பார்த்த ஏழு வயதுச் சிறுவன் இறந்துபோனான். அதன்பின் விஸ்கான்சினிலும் பொதுச் சாலையில் பந்தயம் தடை செய்யப்பட்டது. எல்கார்ட் லேக் அதோடு பந்தயத்தை விட்டுவிடவில்லை. ஊருக்கு வெளியே நான்கு மைல் நீளத்தில் தனிப் பந்தயத் தடம் போட்டார்கள். 1955ல் திறந்த அந்த 'ரோடு அமெரிக்கா' இன்றும் இருக்கிறது. கிளப்காரர்கள் வருடா வருடம் போய் நிற்கும் இடம்.

"பந்தயத்தை யாரும் நிறுத்தச் சொல்லலை. சாலையை விட்டு வெளியே எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் மரப்பெட்டி. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மதியம் கூடி மாலை கலைவதற்குப் பதில், விடுதியில் இரவு தங்கல். ஆளுக்கு ஆறு பாட்டில், அதற்கு மேல் கூடாது. மியாட்டாவின் டிக்கிக்கு அதுவே அதிகம். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டி, ஊர், ஆல்கஹால் சதவீதம், தயாரான தேதி மூன்றும் எழுத வேண்டும். ஹாப்ஸ் வாசனை தூக்கலாக இருக்கும் பீர் நாளாக நாளாக மணம் இழக்கும்; கனமான கறுப்பு பீர் சில வருடம்கூடத் தாங்கும். வெயிலில் வைத்தால் எந்த பீரும் கெடும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள் மாறி, நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிடும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், பச்சை பாட்டில் அவ்வளவு காக்காது. அதனால் எல்லா பாட்டிலும் நேராக நிழலுக்கு.

குடிக்காதவர்களையும் அவர் மறக்கவில்லை. அவர்கள் வீட்டு ஜாம், ஊறுகாய், மிளகாய்ச் சாஸ், தேன் கொண்டு வரலாம். ஒரு பாட்டிலுக்கு ஒரு பாட்டில் என்று அதே மதிப்பு. இந்த வருடம் முதலில் காலியானது ஒரு பாட்டி கொண்டுவந்த ஆப்பிள் ஜாம்தான்.

மாற்றிக்கொள்வது சுலபம். கொண்டுவந்த பாட்டிலுக்கு ஒன்றாக ஆறு டோக்கன். சீட்டு குலுக்கி வரிசை. சுற்றுக்கு ஒரு பாட்டில் எடுக்கலாம். எடுத்ததை அடுத்தவரிடமிருந்து பிடுங்கும் விளையாட்டெல்லாம் இல்லை. இல்லினாய், மினசோட்டா, மிச்சிகன் என்று வந்திருந்தவர்கள் முதல் சுற்றிலேயே ஸ்பாட்டட் கவ் பாட்டில்களைத் தூக்கிவிட்டார்கள். அது தினமும் கடையில் கிடைக்கிற உள்ளூர்க்காரர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

பெட்டிக்குள் முதலில் விழுந்த சாவி செயலாளருடையது. மாலை ஆறு மணிக்குப் பெட்டியைப் பூட்டி விடுதி வரவேற்பாளரிடம் கொடுத்துவிட்டார். காலை எட்டு மணிக்குத்தான் திறக்க வேண்டும். தன்னிடமே வைத்திருந்தால், பழகிய முகம் ஒன்று வந்து கெஞ்சும்போது மனசு இளகிவிடுமோ என்ற பயம்.

பெரியவர் வரவில்லை. அவர் பெயருக்கு ஓர் அறை போட்டு வைத்திருந்தார் செயலாளர். மதியம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். ஆனால் பெரியவரின் பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது, தன் பங்கான ஆறு பாட்டிலோடு இன்னொரு அட்டைப்பெட்டியையும் இறக்கினார். "கொடுக்கச் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லலை" என்றார்.

உள்ளே ஆறு பாட்டில். ஒவ்வொன்றும் செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. ஒவ்வொன்றிலும் சீட்டு. ஊர், சதவீதம், தேதி. மூன்றும் பெரியவரின் கோணல் கையெழுத்தில். புது விதிகளை ஒன்று விடாமல் படித்திருக்கிறார்.

செயலாளர் ஆறு டோக்கனை எண்ணித் தன் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் பெரியவரின் முறை வந்தபோது அவரே எழுந்து போய் எடுத்தார். அவருக்குப் பிடித்தது எது என்று தெரியும். கறுப்பாக, கசப்பாக, இனிப்பே இல்லாமல். ஐந்தைச் சுலபமாகத் தேர்ந்தெடுத்தார். ஆறாவதற்கு மட்டும் மேசை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பெட்டி திறந்தது. சாவிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. பக்கத்து வீட்டுக்காரரின் டிக்கியில் அந்த அட்டைப்பெட்டியைச் செயலாளரே வைத்தார். பாட்டில்கள் உருளாமல் நாலு பக்கமும் அதே செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினார். கடிதம் எதுவும் எழுதவில்லை.

"மேட்டுல கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று மட்டும் சொல்லி டிக்கியை மூடினார்.