கவிஞர் வீட்டில் ஒரு சின்னக் கூட்டம்

திருவல்லிக்கேணி என்றதும் பார்த்தசாரதி கோயில், மெரினா காற்று, ஓட்டல் சாம்பார் எல்லாம் நினைவுக்கு வரும். கோயிலுக்குப் பக்கத்திலேயே, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடும் இருக்கிறது. 1921 செப்டம்பரில், 38 வயதில் அவர் உயிர் பிரிந்தது அங்கேதான். இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். கேட்கும்போதே மனசு கனக்கிறது, இல்லையா?

1993-ல் தமிழக அரசு அந்த வீட்டை வாங்கிப் புதுப்பித்து, நினைவு இல்லமாக்கியது. படங்களும் புத்தகங்களும் வைத்தாயிற்று. அத்தோடு விட்டிருந்தால் அது இன்னொரு காட்சிசாலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, வரிசையாகப் போவார்கள். அவ்வளவுதான்!

நல்லவேளை, அங்கே கூட்டங்களும் நடக்கின்றன. டிசம்பர் 11, பாரதி பிறந்தநாளில் அவர் சிலையை ஜதிப் பல்லக்கில் வைத்து அந்த வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். 2021-ல் நினைவு நூற்றாண்டு வந்தபோது, ஓராண்டுக்கு வாரந்தோறும் இல்லத்தில் நிகழ்ச்சி நடத்தப்படும் என்று அரசு அறிவித்தது.

பழைய வீட்டில் கூட்டம் போடுவதில் ஒரு வசதி உண்டு. பெரிய மண்டபத்தில் முப்பது பேர் வந்தால் காலி நாற்காலிதான் கண்ணில் படும். வீட்டுக் கூடத்தில் அதே முப்பது பேர் நிறைந்த சபை! மைக் வேண்டாம். பேசுகிறவர் கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். சந்தேகம் வந்தால் நடுவிலேயே கேட்கலாம்.

வீட்டுக்கும் இது நல்லது. பூட்டியே கிடக்கும் வீட்டில் ஓடு ஒழுகினாலும் கரையான் அரித்தாலும் யாருக்கும் தெரியாது. வாரம் நாலு பேர் வந்து போனால் உடனே தெரிந்துவிடும். லண்டனில் கவிஞர் கீட்ஸ் வாழ்ந்த வீடு 1925-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கேயும் கவிதை வாசிப்புக் கூட்டங்கள் நடக்கின்றன.

இதற்கு மகாகவி வாழ்ந்த வீடுதான் வேண்டும் என்பதில்லை நண்பர்களே. பழனி மலையில் பெரும்பாறை மாதிரி ஒரு சிற்றூராக இருந்தாலும் சரி, பழைய வீடு ஒன்றைப் பெருக்கி, பாய் விரித்து, ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச பத்துப் பேர் போதும்.

அன்று பாரதியை வழியனுப்ப வந்தவர்கள் சிலர்தான். இன்று அவர் வீட்டில் கூடுகிறவர்களும் சிலர்தான். ஆனால் இவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்!